எஸ்டி1300 பின்சக்கர ஸ்ப்ளைன் கூராகிவிட்டது: வெல்டிங் வைக்கலாமா, மாற்றவேண்டுமா?

பொங்கோல்_சவாரி:
வணக்கம். வண்டி ஹோண்டா எஸ்டி1300, சங்கிலி இல்லாமல் ஷாஃப்ட்டால் பின்சக்கரம் ஓடும் பைக். டயர் மாற்றப் பின்சக்கரத்தைக் கழற்றினால் ஃபைனல் டிரைவ் (ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பும் கியர் பெட்டி) வாயைச் சுற்றிச் செங்கல்பொடி நிறத்தில் தூள். துடைத்துப் பார்த்தேன். சக்கரத்து ஃபிளேஞ்சின் (ஹப்பில் உட்காரும் பல்வட்டு) ஸ்ப்ளைன் பற்களில், அதாவது ஃபைனல் டிரைவோடு கோத்துக்கொள்ளும் பற்களில், தட்டையான தலையே இல்லை, கூராக நிற்கின்றன. எதிரே ஃபைனல் டிரைவின் கியர் பக்கத்துப் பற்களில் நகத்தை ஓட்டினால் லேசாக ஒரு படி தட்டுகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடித்தால் 'டொக்' என்று சத்தம். ஃபைனல் டிரைவ் எண்ணெயில் சீவல் ஏதும் இல்லை, வடிகால் போல்ட்டில் சாம்பல்நிறப் பசை கொஞ்சம்.

பல்லை வெல்டிங்கில் நிரப்பி அராவித் தருவதாக ஒரு லேத் பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா? ஃபிளேஞ்சை மட்டும் மாற்றினால் போதுமா? எந்த கிரீஸ்? வேலை செய்யத் தரைவீட்டு முற்றம் ஒன்று இருக்கிறது, டார்க் ரெஞ்சும் உண்டு.

உபி_மெஷினிஸ்ட்:
வெல்டிங் வேண்டாம். அந்தப் பற்களின் மேல்தோல் மட்டும் கடினப்படுத்தப்பட்டது. வெல்டிங் சூடு பட்டதும் அந்தக் கடினம் போய்விடும், ஃபிளேஞ்சும் லேசாக வளையும். அப்புறம் கையால் அராவினால் எல்லாப் பல்லும் ஒரே அளவில் வராது. சில பற்கள் மட்டும் முழு இழுவையையும் தாங்கும், அவை முதலில் போகும். எபாக்ஸி, லாக்டைட் போன்ற பசை போட்டு இடைவெளியை அடைப்பதும் இதே கதைதான். அது பெயர்ந்து பொடியாகிப் பற்களுக்கு நடுவே அரைபடும்.

ஃபிளேஞ்ச் தனி உதிரிபாகமாகக் கிடைக்கும். உங்கள் கேள்வியில் முக்கியம் அது இல்லை, கியர் பக்கத்துப் பல். நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, தேயாத விளிம்பையும் தேய்ந்த நடுப்பகுதியையும் வெர்னியரில் அளந்து ஒப்பிடுங்கள். படி நகத்துக்கு மட்டும் தட்டி, பல்லின் தலை இன்னும் தட்டையாக இருந்தால் புது ஃபிளேஞ்ச் போட்டு ஓட்டலாம். அதுவும் கூராகத் தொடங்கியிருந்தால் புது ஃபிளேஞ்ச் வீண்செலவு. பல்லின் முழு முகமும் படியாமல் ஓரத்தில் மட்டும் படிந்து, புதியதையும் சீக்கிரம் தின்றுவிடும்.

அந்த நிலையில் அந்தப் பற்கள் உள்ள ரிங் கியரை மட்டும் மாற்றலாம் என்று இறங்காதீர்கள். ரிங் கியரும் அதைச் சுழற்றும் சின்ன கியரான பினியனும் ஜோடியாகவே வரும். ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வைத்து, நீலச்சாயம் பூசி, பல் படியும் இடத்தைப் பார்த்துப் பொருத்தவேண்டிய வேலை அது, முற்றத்தில் ஆகாது. ஸ்ப்ளைன் நல்ல நிலையில் இருக்கும் பழைய ஃபைனல் டிரைவை முழுசாக வாங்கி மாட்டுவதே சரி. விற்பவரிடம் பற்களின் கிட்டப்படம் கேளுங்கள், வெளித்தோற்றப் படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சிங்கப்பூரின் 9% ஜிஎஸ்டியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கியர்_எண்ணெய்:
பாகம் மாற்றுவது சுலபம். தேய்ந்த காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் புதுசும் இப்படித்தான் ஆகும்.

அந்தச் செந்தூள் இரும்புத்துரு. ஸ்ப்ளைன் பற்கள் கியர் போல ஒன்றன்மேல் ஒன்று உருள்வதில்லை, ஒரே இடத்தில் மிக நுணுக்கமாக உரசிக்கொண்டே இருக்கும். சாதாரண கிரீஸ் அந்த அழுத்தத்தில் ஓரத்துக்கு ஒதுங்கும், திரும்பி வராது. பிறகு வெறும் உலோகம் உலோகத்தோடு உரசித் துகள் உதிர்ந்து துருப்பிடிக்கும். அந்தத் துருவே பல்லை அரைக்கும். நம் ஊர் மழையும், கழுவும்போது ஹப் பக்கம் அடிக்கும் பிரஷர் ஜெட்டும் இதை விரைவாக்கும்.

அதனால்தான் மோலி பேஸ்ட். கடையில் 'மோலி கிரீஸ்' என்று விற்பதில் மாலிப்டினம் டைசல்ஃபைடு பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம்தான், அது இங்கே போதாது. 60 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பேஸ்ட் வேண்டும். ஹோண்டாவின் மோலி 60-க்குப் பதிலாக இப்போது எம்-77 வருகிறது. பழைய பசையையும் தூளையும் பிரேக் கிளீனரும் பல்துலக்கும் பிரஷும் கொண்டு முழுசாக எடுத்துவிட்டு, இரண்டு பக்கப் பற்களிலும் உலோகம் தெரியாத அளவுக்கு மெல்லிசாகப் பூசுங்கள். அள்ளி அப்பினால் மிச்சம் வெளியே வீசப்பட்டு ரிம்மில் ஒட்டும். ஃபிளேஞ்சின் ஓ-ரிங்கைக் கண்டிப்பாகப் புதுசு போடுங்கள். தண்ணீரை வெளியிலும் பேஸ்ட்டை உள்ளேயும் நிறுத்துவது அதுதான்.

அடுத்தது பூட்டும் வரிசை. பலர் ஃபைனல் டிரைவை ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) முதலில் இறுக்கிவிட்டு அப்புறம் ஆக்ஸிலைப் போடுகிறார்கள். ஃபைனல் டிரைவ் கொஞ்சம் சாய்ந்து நின்றால் அந்தச் சாய்வு அப்படியே பூட்டிக்கொள்ளும், பற்கள் ஒரு பக்கமாகத் தேயும். ஃபைனல் டிரைவின் நாலு நட்டையும் கையால் மட்டும் திருகி வையுங்கள். சக்கரத்தை ஏற்றி, ஆக்ஸிலைச் செலுத்தி, ஆக்ஸில் நட்டைச் சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்குங்கள். அதன்பிறகுதான் அந்த நாலும், குறுக்கு மறுக்காக. டயர் மட்டும் மாற்றும் நாளிலும் இந்த நாலைத் தளர்த்திவிட்டுத்தான் ஆக்ஸிலை இறுக்கவேண்டும். டயர் கடையில் இதை யாரும் செய்யமாட்டார்கள். சக்கரத்தை நீங்களே கழற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பொங்கோல்_சவாரி:
அளந்து பார்த்துவிட்டேன். கியர் பக்கத்தில் தலை தட்டையாகவே இருக்கிறது, ஃபிளேஞ்ச் மட்டும் மாற்றப்போகிறேன். 'டொக்' சத்தம் முழுக்க ஸ்ப்ளைனால்தானா? முன்பக்கத்து ஷாஃப்ட்டையும் பார்க்கவேண்டுமா?

உபி_மெஷினிஸ்ட்:
முழுக்க என்று சொல்லமுடியாது. ஹப்பில் ஃபிளேஞ்சின் ஊசிகள் நுழையும் ரப்பர் டேம்பர்களை அழுத்திப் பாருங்கள். கல்லாகி இருந்தாலோ, ஊசி உள்ளே ஆடினாலோ அதே சத்தம் வரும். ஃபிளேஞ்சோடு சேர்த்து அதையும் வாங்கிவிடுங்கள். கியர்பாக்ஸிலும் கொஞ்சம் இடைவெளி இயல்பாகவே உண்டு, சத்தம் முழுசாக மறையாது.

கியர்_எண்ணெய்:
நட்டுகளைக் கழற்றும் நாளிலேயே ஷாஃப்ட்டையும் பாருங்கள். ஃபைனல் டிரைவை நேராகப் பின்னால் இழுத்தால் ஷாஃப்ட் கூடவே வரும். முன்முனைப் பல்லிலும் செந்தூள் இருக்கிறதா பார்த்து, அங்கேயும் அதே பேஸ்ட் பூசுங்கள். ஃபைனல் டிரைவிலிருந்து ஷாஃப்ட்டை உருவினால் ஆயில் சீலும் ஸ்டாப்பர் ரிங்கும் புதுசு வேண்டும். தேவையில்லாமல் உருவாதீர்கள். திரும்ப நுழைக்கும்போது பல் மாட்டவில்லை என்றால் அடித்து ஏற்றக்கூடாது. வண்டியை கியரில் போட்டு, ஃபைனல் டிரைவின் ஸ்ப்ளைனைக் கையால் மெல்லத் திருப்பினால் யுனிவர்சல் ஜாயின்ட்டில் தானாக விழும்.

எண்ணெய் ஹைப்பாய்ட் கியர் ஆயில், வடித்து மாற்றும்போது சுமார் 130 மில்லி. வண்டியை மெயின் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை நிற்கிறதா என்று பார்த்து முடிவுசெய்யுங்கள். வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர். பழைய எண்ணெயை வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள். இங்கே மழைநீர் வாய்க்கால் பலவும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. பாட்டிலில் மூடி ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். வீவக அடுக்குமாடி வீடுகளின் கார்பார்க்கில் இந்த வேலையை ஆரம்பிக்க வேண்டாம், அந்த முற்றத்திலேயே முடியுங்கள்.

மாட்டி 1,000 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சக்கரத்தை இறக்கிப் பாருங்கள். பேஸ்ட் கறுப்பாகவே இருந்தால் சீரமைவு சரி. செம்மை தட்டியிருந்தால் ஓ-ரிங்கையும் நட்டு இறுக்கிய வரிசையையும் மறுபடி சரிபார்க்கவேண்டும்.