மறுமொழி: ஹைலி காம்போசிட் நம்பர் – ‘மிகுபகு எண்’ பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

‘ஹைலி காம்போசிட் நம்பர்’ (highly composite number) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகையில் இங்கே இப்படி ஒரு பரிந்துரை வந்தது:

> பகு எண் என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. முன்னால் ‘மிகு’ சேர்த்து ‘மிகுபகு எண்’ என்றால் போதும்.

சொல் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரையறையோடு மோதுகிறது. ராமானுஜன் 1915இல் வெளியிட்ட கட்டுரைப்படி, தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் உள்ள எண்தான் ஹைலி காம்போசிட் நம்பர். 1க்கு ஒரே காரணி, 2க்கு இரண்டு. ஆக 2 இந்த வகையில் சேர்ந்துவிடுகிறது. பகா எண்ணான 2ஐ ‘மிகுபகு எண்’ என்று மாணவரிடம் எப்படிச் சொல்வது? ஆங்கிலப் பெயரிலும் இதே கோளாறு உண்டு. அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

‘மிகு’விலும் எனக்குத் தயக்கம். 2இன் 1000ஆம் அடுக்குக்கு 1001 காரணிகள். எண்ணிக்கை மிகுதிதான், ஆனாலும் அது இந்த வகையில் வராது. அதைவிட மிகச் சிறிய எண்களே அதை முந்திவிடுகின்றன. போதாக்குறைக்கு ‘மிகையெண்’ (அபண்டன்ட் நம்பர்) வேறு பக்கத்தில் நிற்கிறது. 945 ஒரு மிகையெண்: தன்னை நீக்கிய காரணிகளின் கூட்டுத்தொகை 975, அந்த எண்ணையே மிஞ்சிவிடுகிறது. ஆனால் அதன் காரணிகள் 16தான். 120க்கே 16 உண்டு. மிகு, மிகை இரண்டையும் மாணவர்கள் குழப்பிக்கொள்வார்கள்.

7,20,720ஐப் பாருங்கள். இந்த வகையின் அழகு முழுக்க அதில் தெரியும்.

7,20,720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 5×3×2×2×2×2 = 240 காரணிகள். 1 முதல் 16 வரை எல்லா எண்ணாலும் மீதியின்றி வகுபடும். அடுக்குகள் 4, 2, 1, 1, 1, 1 என்று எங்கும் ஏறாமல் போகின்றன. ஏறவே முடியாது: 2க்கும் 3க்கும் அடுக்கை மாற்றிப் போட்டால் காரணிகள் அதே 240தான், எண் மட்டும் பெரிதாகிவிடும். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1. 4, 36 இரண்டு மட்டும் விலக்கு.

ஆக, இங்கே முக்கியம் அளவு அல்ல, முந்துவது. அதனால் என் பரிந்துரை: காரணி விஞ்செண். விஞ்சிய, விஞ்சுகின்ற, விஞ்சும் எண் என்று வினைத்தொகையாக விரியும். ‘காரணி’ பள்ளியிலேயே பழகிய சொல். இன்னொரு வசதியும் இருக்கிறது. காரணிகளின் கூட்டுத்தொகையை அந்த எண்ணால் வகுத்துவரும் விகிதத்தில் முந்துகிற எண்களை சூப்பர் அபண்டன்ட் என்கிறார்கள். அதை ‘மிகை விஞ்செண்’ என்றே சொல்லிவிடலாம்.

அப்புறம், லார்ஜ்லி காம்போசிட் பாக்கி. அதற்குக் காரணி எண்ணிக்கையில் முந்த வேண்டியதில்லை, முன்னால் உள்ள எந்த எண்ணுக்கும் குறையாமல் இருந்தாலே போதும். 3, 8, 10 மூன்றும் அப்படி உள்ளே வருகின்றன. ‘நிகர்’ என்று தொடங்கினால் முந்தும் எண்கள் வெளியே போய்விடும். ‘காரணி தாழா எண்’ என்று வைக்கலாமா? மறுப்பு இருந்தால் எடுத்துக்காட்டு எண்ணோடு எழுதுங்கள்.