வேலையை விடாமல் ஆன்லைனில் பிசியோ படிப்பு: எதற்குப் பணம் கட்டலாம்?

ஒயிட்ஃபீல்ட் பிசியோ:

வணக்கம். நான் கோவையில் பிபிடி, அதாவது பிசியோதெரபி இளநிலைப் பட்டம் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு பெங்களூர். வீடு அல்சூரில், வேலை ஒயிட்ஃபீல்டில் ஒரு கிளினிக்கில். காலையில் ஓபி, சாயங்காலம் பக்கத்து அபார்ட்மென்ட்களில் ஹோம் விசிட். வருகிறவர்களில் பாதிப் பேர் கழுத்துவலி, முதுகுவலி என்று வரும் ஐடி ஆட்கள். மீதிப் பேர் அவர்களுடைய அப்பா அம்மா. முழங்கால் மூட்டு மாற்றியவர்கள், ஸ்ட்ரோக் வந்தவர்கள், பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தவர்கள். ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் பெரியவர்கள் நிறைய. தமிழ் பேசுகிற பிசியோ வேண்டும் என்றே என்னைத் தேடிக் கூப்பிடுகிறார்கள்.

சமீபத்தில் சேலத்திலிருந்து வந்த ஒரு தாத்தா, படுக்கையில் புரண்டாலே அறை சுற்றுகிறது என்றார். கழுத்து எலும்புத் தேய்மானம், கழுத்தை இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷன் போட வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்குக் காதுப் பக்கம் சந்தேகம் வந்தது. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினேன். அங்கே தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் படுக்க வைத்து, ஒரே தடவையில் சுற்றலை நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு அடங்கவில்லை. அது பிசியோவும் செய்யக்கூடிய வேலை. அதை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மேற்படிப்பான எம்பிடி என்றால் இரண்டு வருடம் முழுநேரம். இப்போது முடியாது, ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியிருக்கிறது. கைவசம் இருப்பது மெட்ரோவில் போய்வரும் நேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான். போனைத் திறந்தால் கப்பிங் (உறிஞ்சும் கிண்ணம் வைப்பது), டேப்பிங் (தசைமேல் டேப் ஒட்டுவது), டிரை நீட்லிங் (தசையில் ஊசி குத்துவது) எல்லாம் சேர்த்து ஒரே வாரக்கடைசியில் நான்கு சான்றிதழ் என்று விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது. ஆன்லைனில் படித்தால் நம் வேலைக்கு உண்மையிலேயே உதவுமா? எதில் பணம் போடலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எம்பிடி மாணவன்:

அக்கா, பணம் கட்டுவதற்கு முன்னால் இலவசமாகக் கிடைப்பதைப் பார்த்துவிடுங்கள். பெட்ரோ (PEDro) எனும் இணையதளம் சிட்னியிலிருந்து 1999 முதல் நடக்கிறது. பிசியோதெரபி சம்பந்தப்பட்ட ஆய்வுகளும் வழிகாட்டு நெறிகளும் அறுபதாயிரத்துக்கும் மேல் அதில் இருக்கின்றன. பெரும்பாலான சோதனை ஆய்வுகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று தர மதிப்பெண்ணும் போட்டிருப்பார்கள். தமிழிலும் பக்கங்கள் உண்டு.

ஓர் ஆய்வைக் கையில் எடுத்து நம்பலாமா வேண்டாமா என்று பார்க்கத் தெரிய வேண்டும் என்றால், சென்னையில் இருக்கும் ஐசிஎம்ஆர் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ் கோர்ஸ் நல்லது. ஆன்லைன்தான். பாடம் இலவசம், தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். எங்கள் பேட்ச்சில் நிறைய பேர் தீசிஸுக்கு முன்னால் அதை முடித்தார்கள்.

நியூரோ அக்கா, மர்ஃபி டவுன்:

ஒயிட்ஃபீல்ட் தங்கைக்கு. நான் இந்த ஊரில் ஸ்ட்ரோக் வார்டிலும் ரீஹேப் யூனிட்டிலும் நெடுங்காலம் வேலை பார்ப்பவள். ஆன்லைனில் நிறையப் படித்திருக்கிறேன், சிலவற்றில் பாடமும் எடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தத் தாத்தா. தலையை அசைத்தால் வரும், பிபிபிவி எனும் அந்தச் சுற்றலுக்கு எப்லி எனும் தலை திருப்பும் முறை 1992லேயே ஆய்வாக வந்துவிட்டது. உள்காதில் இருக்கும் கால்சியம் துகள்கள் இடம் மாறி, அங்குள்ள அரைவட்டக் குழாய்களில் ஒன்றுக்குள் போய்விடுகின்றன. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பினால் அவை வெளியே வந்துவிடும். இதில் கைவேலை குறைவு. கஷ்டமெல்லாம் கண்ணைப் பார்ப்பதில். இதைக் கண்டுபிடிக்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனையில் படுக்க வைத்ததும் சில விநாடி ஒன்றுமே இருக்காது. பிறகு கருவிழி மேல்பக்கம் துடித்துக்கொண்டே சுழலும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பின்பக்கக் குழாய் என்றால் இப்படி. பக்கவாட்டுக் குழாய் என்றால் துடிப்பு வேறு திசையில். படுத்தவுடனே ஆரம்பித்து, நிற்காமல், நேர் கீழ்நோக்கித் துடித்தால் காதோடு விட முடியாது. மூளைப் பக்கம் பிரச்சினை இருக்கலாம், உடனே நரம்பியல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

இதைக் கற்க ஆன்லைன்தான் சிறந்த இடம் என்று நான் அடித்துச் சொல்வேன். வகுப்பறையில் ஒரு பேஷன்ட்டின் கண்ணை ஒரு தடவை பார்ப்பீர்கள். வீடியோவில் பலவிதக் கண்களை நிறுத்தி, மெதுவாக ஓட்டி, திரும்பத் திரும்பப் பார்க்கலாம். மெட்ரோ பர்ப்பிள் லைனில் உட்கார இடம் கிடைத்தால் அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்ட் போவதற்குள் ஒரு பாடம் முடிந்துவிடும். கோர்ஸ் சேரும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: கண் வீடியோக்களைக் கொடுத்து, இது எந்தக் குழாய், எந்தப் பக்கம் என்று நம்மிடம் தேர்வு வைக்கிறார்களா? வெறும் ஸ்லைடு மட்டும் என்றால் சேராதீர்கள்.

கையால் மூட்டை அசைத்துவிடும் மூட்டு மொபிலைசேஷன் அப்படி இல்லை. அந்த அசைவின் அளவைச் சொல்லும் மெய்ட்லண்ட் கிரேடு ஒன்றுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தத் திரையும் சொல்லித் தராது. ஆசிரியர் உங்கள் கைமேல் கை வைத்து அழுத்திக் காட்ட வேண்டும். நீங்கள் அவர் தோளில் செய்து காட்டி, அதிகம், குறை என்று அவர் சொல்ல வேண்டும். டிரை நீட்லிங் இன்னும் தீவிரம். நெஞ்சுக்கூட்டுப் பக்கம் ஊசி தவறினால் நுரையீரலில் ஓட்டை விழும். ஊசிக்கு ஆன்லைன் சான்றிதழ் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் பக்கமே போகாதீர்கள்.

அடுத்தது, உங்களிடம் வரும் பெரியவர்கள். விழுந்து இடுப்பு உடைந்து வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வருடம் முதலில், பெரியவர்கள் விழாமல் தடுக்கும் ஒட்டாகோ உடற்பயிற்சித் திட்டத்தைத்தான் படிப்பேன். நியூசிலாந்தில் 1990களில் உருவானது. கால் வலுவுக்கு ஐந்து, பேலன்ஸுக்குப் பன்னிரண்டு, மொத்தம் பதினேழு பயிற்சிகள். வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் பயிற்சி, இரண்டு நாள் நடை. அங்கே செய்த ஆய்வுகளில், விழுவது ஏறக்குறைய 35 சதவீதம் குறைந்தது. தேவையானவை ஒரு நாற்காலி, பிடித்துக்கொள்ள ஒரு மேஜை, கணுக்காலில் கட்டும் எடைப் பை. உங்கள் ஹோம் விசிட்டுக்கென்றே செய்தது போல இருக்கும். எந்த வாரம் எடையைக் கூட்டுவது, எப்போது பிடியை விடச் சொல்வது என்ற கணக்குதான் இதில் வித்தை. அதை ஆன்லைனில் நன்றாகப் படிக்க முடியும். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகம் பிசியோக்களுக்காகவே இதை ஆன்லைன் பயிற்சியாகத் தருகிறது.

ஹோம் விசிட்டில் நான் அடிக்கடி பார்ப்பது, எழுபது வயதுக்காரருக்கு எடையே இல்லாமல் காலைத் தூக்கச் சொல்லி, பத்துத் தடவை, மூன்று செட், மாதக்கணக்கில் அதே பயிற்சி. தசை வலுவாக வேண்டும் என்றால் அதற்குப் பாரம் வேண்டும், பாரம் கூடிக்கொண்டே போக வேண்டும். வயதானவர்கள் என்று பயந்து குறைத்துக் கொடுப்பது அவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம்.

ஸ்ட்ரோக்கைப் பற்றியும் ஒன்று. சீக்கிரம் எழுப்பு, நிறைய நடக்க வை என்றுதான் எங்கள் காலத்தில் படித்தோம். 2015ல் லான்செட்டில் அவெர்ட் ஆய்வு வந்தது. ஐந்து நாடுகள், 2104 பேஷன்ட்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அதிக நேரம், அடிக்கடி எழுப்பிய குழுவில், மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் 46 சதவீதம். வழக்கமான கவனிப்புக் குழுவில் 50 சதவீதம். அதிகம் செய்த பக்கம்தான் குறைவு. அந்தத் தகவல்களைப் பிறகு அலசியபோது, சின்னச் சின்னதாக, பல தடவை எழுப்புவது நல்லது என்று தெரிந்தது. எங்கள் வார்டில் முதல் இரண்டு நாள் வேலை முறையே இதனால் மாறியது. இந்த மாதிரி செய்தி நம் கைக்கு வந்து சேர வேண்டும். நான் படிப்பதே அதற்காகத்தான்.

காசு விஷயம். கிரெடிட் பாயின்ட் உண்டு என்று போட்டிருந்தால், யார் தரும் கிரெடிட், எந்த கவுன்சில் அதை ஏற்கும் என்று எழுத்தில் கேளுங்கள். அமெரிக்க மாநில லைசென்ஸுக்கான கிரெடிட் இங்கே தானாகச் செல்லுபடியாகாது. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்காக 2021ல் வந்த தேசியச் சட்டத்தில் பிசியோதெரபியும் இருக்கிறது, மாநில கவுன்சில்கள் அதன்கீழ் வருகின்றன. அதனால் பதிவு, புதுப்பித்தல் விதியை நேராக கவுன்சிலிடமே விசாரியுங்கள். கோர்ஸ் விற்கிறவர் வாயிலிருந்து அதைக் கேட்காதீர்கள்.

எச்எஸ்ஆர் கிளினிக்காரர்:

நியூரோ மேடம் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். கிளினிக் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், சுவரில் சான்றிதழ் இருந்தால் ஆட்கள் வருகிறார்கள். மாரத்தான் ஓடுகிற பிள்ளைகள் போனிலேயே கேட்கிறார்கள், டேப்பிங் உண்டா, கப்பிங் உண்டா என்று. இல்லை என்றால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். வாடகை கட்ட வேண்டியவனுக்கு அதுவும் கணக்குதான். தங்கை, பிற்பாடு சொந்தமாக ஆரம்பிக்கும் எண்ணம் இருந்தால் ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நியூரோ அக்கா, மர்ஃபி டவுன்:

சார், வாடகைக் கஷ்டம் எனக்கும் புரிகிறது. டேப் ஒட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. டேப் கேட்டு வந்த பையனுக்கு ஒட்டிவிட்டு, ஓட்டத்தின் தூரத்தை எப்படிக் கூட்டுவது, கெண்டைத் தசைக்கு எவ்வளவு பாரம் என்று சொல்லி அனுப்புகிற பிசியோவிடம்தான் அவன் தன் நண்பனையும் கூட்டிக்கொண்டு வருவான். ஒயிட்ஃபீல்ட் தங்கை சேர்த்து வைத்திருக்கும் கொஞ்சப் பணம் முதலில் எங்கே போக வேண்டும் என்பதுதான் என் கவலை. அவளிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள்.

அல்சூர் வாசகி:

நான் பிசியோ இல்லை, ஸ்ட்ரோக் வந்த ஒருவரின் மகள். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு முதலில் வந்தவர் மெஷின் வைத்துவிட்டுப் போய்விடுவார். இரண்டாவதாக வந்த பெண் நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று வாராவாரம் பார்த்து, சமையலறை காலண்டரில் எழுதிவைப்பார். அப்பா அந்த எண்ணுக்காகவே பயிற்சி செய்தார். அந்தப் பெண் என்ன சான்றிதழ் வைத்திருந்தார் என்று நாங்கள் கேட்கவே இல்லை. தமிழில் பேசி, ஏன் இதைச் செய்கிறோம் என்று அப்பாவுக்குப் புரிய வைத்தார். நீங்கள் எதைப் படித்தாலும், அதைப் பேஷன்ட்டிடம் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் அம்மா.

ஒயிட்ஃபீல்ட் பிசியோ:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வாசகி அக்கா, நீங்கள் எழுதியதை என் கிளினிக் தோழிகளுக்கும் அனுப்பினேன்.

முடிவு செய்துவிட்டேன். முதலில் ஒட்டாகோ. அது முடிந்ததும் தலைசுற்றல் கோர்ஸ், கண் வீடியோ தேர்வு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சேருவேன். கைவேலைக்கு நேரில் நடக்கும் வகுப்பு, அடுத்த வருடம் போனஸ் வந்த பிறகு. காம்போ விளம்பரங்களை பிளாக் செய்துவிட்டேன்.

நியூரோ அக்காவிடம் இன்னொரு கேள்வி. எப்லி முறையை வீடியோவில் பார்த்துக் கற்ற பிறகு, முதல் பேஷன்ட்டுக்குத் தனியாகச் செய்யலாமா? கழுத்துப் பிரச்சினை உள்ள பெரியவர்கள் என்றால் பயமாக இருக்கிறது.

நியூரோ அக்கா, மர்ஃபி டவுன்:

முதலில் கிளினிக் தோழிகள் மேல் பழகுங்கள். தலை எவ்வளவு சாய வேண்டும், எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பது உடம்பில் பதிய வேண்டும். அப்புறம் அந்தக் காது மூக்கு தொண்டை டாக்டரையே கேளுங்கள், அவருடைய ஓபியில் ஓரமாக நின்று பார்க்க அனுமதி தருவாரா என்று. நீங்கள்தானே அவருக்குச் சரியான கேஸ் அனுப்பினீர்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார். கழுத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், முடக்குவாதத்தால் மேல்கழுத்து தளர்ந்தவர்கள், கழுத்து ரத்தக்குழாயில் பிரச்சினை உள்ளவர்கள், இவர்களை நீங்கள் தொட வேண்டாம், டாக்டரிடமே விடுங்கள். செய்யும்போது பக்கத்தில் ஒரு ஆள், ஒரு வாந்திப் பை. நிறைய பேருக்குக் குமட்டும், முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வீட்டில்தான் இருப்பேன். அல்சூரிலிருந்து மர்ஃபி டவுன் பக்கம்தான். தனிச்செய்தியில் எழுதிவிட்டு ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவளைப் படுக்க வைத்து இரண்டு பக்கமும் செய்து பார்த்துவிடலாம்.