அப்பாவின் அறுபதுக்கு ஆவர்த்தனா: எத்தனை கோர்ஸ் மெனு பொருந்தும்?

அம்பத்தூர்க்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதத்தில் என் அப்பாவுக்கு அறுபது வயது நிறைகிறது. திருக்கடையூரில் சாந்தியும் உறவினர்களுக்கான பந்தியும் முறைப்படி நடக்கவிருக்கின்றன. அந்த அலைச்சல் அடங்கிய பிறகு அப்பா, அம்மா, என் மனைவி, நான் என நால்வர் மட்டும் ஓர் இரவு நிதானமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நினைக்கிறோம். சென்னை கிண்டியில் ஐ.டி.சி. கிராண்ட் சோழா நட்சத்திர விடுதிக்குள் இருக்கும் ஆவர்த்தனா உணவகத்தை மனைவி பரிந்துரைக்கிறார். ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் அது 2024இல் 44ஆம் இடத்திலும் 2025இல் 30ஆம் இடத்திலும் இருந்ததாகப் படித்தேன். ஆனால் பட்டியலில் இடம்பிடிப்பது வேறு, என் பெற்றோருக்குப் பிடிப்பது வேறு.

அங்கே 7, 9, 11, 13 கோர்ஸ் என்ற டேஸ்டிங் மெனுக்களில் (சமையல்காரரே தீர்மானித்த வரிசையில், சிறு சிறு தட்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக வரும் விருந்து) ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறார்கள். அம்மா முட்டைகூடச் சேர்க்காத சைவம். அப்பா மீனும் கோழியும் சாப்பிடுவார், ஆனால் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர். இருவருக்கும் ஒரு கவளமாவது சாதம் உள்ளே போகாவிட்டால் சாப்பிட்டதாகவே கணக்கில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு எந்த மெனு பொருந்தும்? வயிறு நிறையுமா? செலவுக்குத் தகுந்த அனுபவம்தானா? செய்தியைக் கேட்டதும் அம்மா, "ரசத்தைக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றிக் கொடுப்பதற்கா இத்தனை ரூபாய்?" என்று ஆரம்பித்துவிட்டார். அவருக்குச் சொல்ல ஒரு நல்ல பதில் கிடைத்தாலும் போதும்.

சுக்குமல்லி

அந்த ரசத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் அம்மாவின் மனம் மாறுவதற்கு வாய்ப்புள்ள இடம் அதுதான். தக்காளி ரசத்தின் தெளிந்த நீரை, டிகாக்‌ஷன் இறக்கும் பிரெஞ்சு பிரஸ் குடுவையில் கொத்தமல்லியோடு சேர்த்து மேசைக்கே கொண்டுவந்து, அழுத்தி வடித்து, காக்டெயில் ஊற்றும் அகன்ற வாய்க் கிளாசில் ஊற்றுவார்கள். பார்ப்பதற்கு வெளிர் பொன்னிறத் தண்ணீர் போலத்தான் இருக்கும். கிளாஸ் மூக்கருகே வரும்போது முதலில் மல்லித்தழையின் மணமும், வாயில் பட்ட பிறகு தக்காளியின் புளிப்பும், தொண்டையில் இறங்கும்போது மிளகின் காரமும் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வீட்டில் சாதத்தோடு பிசைந்து சாப்பிடும்போது இவை மூன்றும் ஒன்றாகவே வந்து சேர்வதால் நாம் பிரித்துக் கவனிப்பதில்லை. அவ்வளவுதான் வித்தை, ஆனால் அந்த வித்தைக்கு உழைப்பு இருக்கிறது.

மெனுவைப் பொறுத்தவரை 7 கோர்ஸ் கொண்ட மாயாவே போதும் என்பது என் கருத்து. 13 கோர்ஸ் என்பது சாப்பாட்டையே தொழிலாகவோ பித்தாகவோ வைத்திருப்பவர்களுக்கானது. பழக்கமில்லாதவர்களுக்குப் பாதிக்குமேல் நாக்கு அலுத்துவிடும். ஒவ்வொரு தட்டிலும் இருப்பது இரண்டு மூன்று வாய்தான் என்றாலும், ஏழு முடிந்து எழுந்திருக்கும்போது வயிறு நிறைந்துதான் இருக்கும். சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி வரிசை உண்டு என்பதால் அப்பாவும் அம்மாவும் ஒரே மேசையில் தத்தம் வழியில் சாப்பிடலாம். கடலுணவுக்கென்றே தாரா என்று ஒரு மெனு இருக்கிறது. அப்பா மீன் பிரியர் என்றால் ஆசை வரும், ஆனால் அதுவும் நீளமானது.

அம்மாவிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி வையுங்கள். இனிப்பாக வரும் சோம்பு மணமுள்ள பன்னகோட்டா (க்ரீமை உறையவைத்துச் செய்யும் இத்தாலிய இனிப்பு), பார்ப்பதற்குக் கூட்டுக்குள் வைத்த முட்டையைப் போலவே, மஞ்சள் கரு போன்ற ஒன்றோடு இருக்கும். முட்டை சேர்க்காதவர்கள் அதைப் பார்த்த மாத்திரத்தில் தட்டைத் தள்ளிவிட வாய்ப்புண்டு.

பந்திவிசாரிப்பு

மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய அனுமதியுங்கள். ஆவர்த்தனாவுக்கு நான் போனதில்லை, ஆகவே அதைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் இதே பாணியில் நடக்கும் வேறொரு நட்சத்திர விடுதிக்கு என் மாமியாரை அழைத்துச் சென்று பட்ட பாடு இருக்கிறது. அங்கே சைவ மெனு என்பது அசைவ மெனுவிலிருந்து இறைச்சியை எடுத்துவிட்டுக் காளானைப் போட்டதாகத்தான் இருந்தது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் அரை மணி நேரம் காத்திருந்தோம். ஒவ்வொரு தட்டையும் வைத்துவிட்டு அதன் வரலாற்றை ஆங்கிலத்தில் ஒப்பித்த பையனிடம் மாமியார், "தம்பி, இதில் பூண்டு இருக்கிறதா?" என்று தமிழில் கேட்டபோது அந்தப் பையனுக்குப் பதில் தெரியவில்லை.

என் அடிப்படை மறுப்பு விலையைப் பற்றியது அல்ல. இலையில் எல்லாமே கண்முன்னால் இருக்கும். சாம்பார் சாதத்துக்கு எந்தக் கறியைத் தொட்டுக்கொள்வது, அப்பளத்தை இப்போது நொறுக்குவதா ரசத்துக்கு வைத்துக்கொள்வதா என்பதையெல்லாம் சாப்பிடுகிறவரே தீர்மானிக்கிறார். பிடித்ததை மறுபடி கேட்கிறார், பிடிக்காததை ஓரமாக ஒதுக்குகிறார். பிரான்சில் 1970களில், ஜப்பானிய கைசெகி விருந்தின் தாக்கத்தோடு பரவிய இந்த டேஸ்டிங் மெனு முறையில் தீர்மானம் முழுவதும் சமையல்காரரிடம் போய்விடுகிறது. எவ்வளவு, எதோடு, எப்போது என்பதை அவரே சொல்கிறார். அறுபது ஆண்டுகள் தன் கையால் பிசைந்து சாப்பிட்ட ஒருவருக்கு அது விருந்தா, பரீட்சையா என்று யோசியுங்கள். நம் பந்தியிலும் பருப்பு, சாம்பார், ரசம், மோர் என்று வரிசை உண்டே என்று யாராவது சொல்வார்கள். உண்டுதான், ஆனால் ரசம் பிடித்துப்போனால் கையைக் குழித்து இன்னொரு முறை வாங்கிக் குடிக்கலாம், யாரும் மறுக்கமாட்டார்கள்.

அடுப்படி

நான் விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தவன் (இந்த உணவகத்தில் அல்ல). பந்திவிசாரிப்பு ஐயா சொன்னதில் ஒரு பாதியை ஏற்கிறேன். சைவ மெனு தனியாகச் சிந்தித்து எழுதப்பட்டதா, அசைவத்தைத் திருத்தியதா என்பதுதான் இப்படிப்பட்ட இடங்களை அளக்கச் சரியான அளவுகோல். ஆவர்த்தனாவின் இளநீரும் அஸ்பாரகஸ் என்ற பச்சைத் தண்டுக் காயும் சேர்ந்த ஸ்டூவும், அதோடு வரும் இடியாப்பமும் எதற்கும் பதிலாக வைத்தவை அல்ல. தேங்காய்ப்பாலும் இடியாப்பமும் சேர்ந்த ஒரு பழைய கூட்டணியில் அஸ்பாரகஸ் பிறகு வந்து உட்கார்ந்திருக்கிறது. கறிவேப்பிலையை மெல்லிய மாவில் தோய்த்துப் பொரித்து, மோரை நுரையாக்கி உடன் தருவதும் அப்படித்தான். நம் ஊரில் கறிவேப்பிலை தாளிப்பில் போய் இலையோரம் ஒதுங்குகிற பொருள். அதையே முழுத் தட்டாக வைப்பதற்குச் சமையல்காரருக்குத் துணிச்சல் வேண்டும். அசைவத்தில் ஊத்துக்குளிக் கோழி என்று ஒன்று உண்டு. ஊத்துக்குளி என்றதும் நமக்கு வெண்ணெய்தான் நினைவுக்கு வரும் என்பதால், அந்தப் பெயரைக் கேட்டாலே உங்கள் அப்பா நிமிர்ந்து உட்காருவார்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். தெளிவு ரசம் நமக்குப் புதிதல்ல. காய்ச்சல்காரருக்கு மேலே தெளிந்ததை மட்டும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடிமண்டியைப் பிசைந்து சாப்பிட மற்றவர்களுக்கு வைப்பதை அவரே எத்தனையோ முறை செய்திருப்பார். உணவகச் சமையலறைகளில் பொதுவாகத் தக்காளியை அரைத்து, மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு, பிழியாமல் தானாகச் சொட்ட விடுவோம். தக்காளியின் சிவப்பு நிறமி தண்ணீரில் கரையாதது; அது சதையோடு துணியிலேயே தங்கிவிடும். புளிப்பும் உப்பும் நாக்கில் நிற்கும் அந்தச் சுவையும் தண்ணீரில் கரைபவை என்பதால் அவை கீழே இறங்கிவிடும். ஒரு குவளைத் தெளிவுக்கு எத்தனை தக்காளி போகும் என்பதைச் செய்துபார்த்தவர்கள் அறிவார்கள். மல்லியைக் கடைசி நேரத்தில் மேசையிலேயே சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. ரசம் நுரை கட்டியதும் இறக்கிவிடு, கொதிக்கவிடாதே என்று வீட்டில் சொல்வார்களே, அதே காரணம்தான்: கொதித்தால் மணம் ஆவியாகிப் போய்விடும்.

அம்மா கண்டிப்பான சைவம் என்பதால் ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள். பன்னகோட்டா, மூஸ் போன்றவற்றை உறையவைக்கப் பல சமையலறைகளில் ஜெலட்டின் சேர்ப்பது வழக்கம். அது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. சைவத்துக்கு அகர் அகர், அதாவது நோன்பு காலத்தில் கடல்பாசி செய்யப் பயன்படும் சைனா கிராஸ், சேர்த்தும் உறையவைக்க முடியும். எதைச் சேர்க்கிறார்கள் என்று முன்பதிவின்போதே கேட்டால் சமையலறையில் விசாரித்துச் சொல்வார்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு கேட்டால் எல்லோருக்கும் சங்கடம்.

மருந்துச்சீட்டு

அப்பாவின் சர்க்கரை விஷயத்தை யாரும் தொடவில்லை. இப்படிப்பட்ட விருந்து இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. மாவுச்சத்துள்ள தட்டு பிற்பகுதியில்தான் வரலாம். அவர் எடுப்பது மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ என்றால், வழக்கம்போல் சாப்பாட்டுக்கு முன் எடுத்துவிட்டுச் சிறு சிறு வாயாகக் காத்திருக்கும்போது சர்க்கரை இறங்கிவிடக்கூடும். அன்றைக்கு எப்போது எடுப்பது என்று அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஏழு மணிக்கே மேசை கிடைத்தால் பதிவு செய்யுங்கள். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் அவருக்கு உறக்கமும் கெடும், செரிமானமும் கெடும்.

பில்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த ரகப் பெரிய விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்களில் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், சாதாரண உணவகங்களின் 5 சதவீதம் என்று கணக்குப் போட்டுப் போகாதீர்கள். சேவைக் கட்டணம் கட்டாயமல்ல. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலை டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்திருக்கிறது. எங்காவது பில்லில் தானாகச் சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். பரிமாறியவருக்குத் தனியே கொடுக்க விரும்பினால் அது உங்கள் விருப்பம்.

அம்பத்தூர்க்காரன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. அடுப்படி அண்ணன் எழுதியதை அம்மாவிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். "மண்டியை என்ன செய்கிறார்களாம்?" என்று கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. பந்திவிசாரிப்பு ஐயாவின் கேள்வியும் நியாயமானது. பந்தி திருக்கடையூரில் நடந்துவிடுவதால், கையால் பிசைந்து சாப்பிடும் ஆசை அங்கேயே தீர்ந்துவிடும் என்ற தைரியத்தில்தான் இதை யோசிக்கிறோம். நால்வருக்கும் 7 கோர்ஸ், இரவு ஏழு மணி என்று முடிவு செய்திருக்கிறோம். இன்னும் ஒரே ஒரு சந்தேகம்: அம்மா சில நாட்களில் வெங்காயம், பூண்டு சேர்க்கமாட்டார். அப்படியும் கேட்கலாமா, அல்லது அது அதிகப்படியா?

அடுப்படி

தாராளமாகக் கேட்கலாம் தம்பி. நட்சத்திர விடுதிகளில் இந்தக் கோரிக்கை அடிக்கடி வருவதுதான். ஆனால் சில தட்டுகளுக்கு மசாலாவை முந்தைய நாளே அரைத்து வைத்துவிடுவார்கள் என்பதால், ஒரு நாளைக்கு முன்பாவது சொல்லுங்கள். வெங்காயம் மட்டுமா, பூண்டும் சேர்த்தா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு தட்டு அப்படி மாற்ற முடியாததாக இருந்தால் வேறொன்று தருவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிட்டு, பிறகு நாளைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் அம்மாவின் விரத நாட்களைத் தவிர்த்துவிடுவது நல்லது. மண்டியை என்ன செய்வார்கள் என்று கேட்டாரே, எங்கள் சமையலறையில் அதை வீணாக்கியதில்லை. வேலை செய்கிறவர்களின் மதியச் சாப்பாட்டுக்குத் தக்காளித் தொக்காகிவிடும்.