நொதித்தீவனமா, காடித்தீவனமா?

> நொதித்தீவனம் என்றே வைத்துக்கொள்ளலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

புளிக்கவைத்த மீன் தீவனத்துக்கு (fermented feed) நம் கலைச்சொல் பட்டியலில் நீங்கள் சொன்ன இந்தப் பெயர் சுருக்கம்தான் ஐயா. ஆனால் பள்ளிப் பாடநூலிலேயே நொதி என்றால் என்சைம். என்சைம் தூள் கலந்த மீன் தீவனமும் கடையில் கிடைக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மூட்டை மாறிவிடும்.

அடுத்த பரிந்துரையாக வந்த 'புளித்த தீவன'த்தை எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் சொல்லிப் பார்த்தேன். "கெட்டுப்போனதை எதற்கு மீனுக்குப் போட வேண்டும்?" என்றார் பக்கத்துக் குட்டைக்காரர். இத்தனைக்கும் அவரே அதைத் தயாரிக்கிறவர். 'ஊறல்' என்றால் போலீஸ் வந்துவிடும், அதை விடுவோம்.

அவர் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் கலந்து, வெல்லக் கரைசலில் ஈஸ்ட்டும் தயிரும் கரைத்து ஊற்றிப் பிசைந்து, நீலப் பீப்பாயில் அழுத்தி மூடுகிறார். மூன்றாம் நாள் திறந்தபோது தோசைமாவு வாசனை. மூடி சரியாகப் பொருந்தாத இன்னொரு பீப்பாயில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அதை அப்படியே குழிவெட்டிப் புதைத்தார். எனக்குக் 'காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி' நினைவுக்கு வந்தது. புளித்த கஞ்சிக்குத் தமிழில் காடி என்ற பெயர் இருக்க, நாம் ஏன் புதிதாகத் தேட வேண்டும்? காடித்தீவனம் என்பது என் பரிந்துரை. காடிக்கு வினிகர் என்ற பொருளும் உண்டுதான். 'தீவனம்' சேர்ந்து வரும்போது யாரும் குழம்பமாட்டார்கள்.

புரோபயாட்டிக்குக்கு நாம் பேசிவைத்த 'நன்னுண்ணுயிரி'யை இதற்கும் நீட்டுவது தவறு. புரோபயாட்டிக் என்றால் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்; அவை உயிரோடு குடலுக்குப் போக வேண்டும். காடித்தீவனத்தை ஆலையில் ஆவியில் வேகவைத்துக் குருணையாக்கினால் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை செத்துவிடும்; அமிலமும் பாதி செரித்த புரதமும்தான் மிஞ்சும். அதற்கும் பயன் உண்டு, ஆனால் பெயரில் உயிர் இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். வரைவுப் பட்டியலில் 'இரைப்பை நலம்' என்று இருக்கிறது. கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் கெண்டைக் குடும்பம். அவற்றுக்கு இரைப்பையே கிடையாது! தொண்டைப் பற்களால் அரைபட்ட இரை நேரே குடலுக்குப் போகிறது. நமக்கு வயிற்றில் நடக்கும் அமில வேலை அவற்றுக்கு இல்லை. தவிட்டில் பைட்டேட் என்ற சேர்மமாகப் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸை அவற்றால் எளிதில் எடுத்துக்கொள்ளவும் முடியாது. அந்தப் பூட்டைப் பீப்பாயிலேயே ஓரளவு நுண்ணுயிர்கள் உடைத்துவிடுகின்றன. எனவே 'குடல்நலம்' என்றே எழுதுங்கள்.

வழக்கமான தீவனத்தில் சிறிதளவு காடித்தீவனம் கலப்பதற்குத் தனிச்சொல் வேண்டும். குட்டைக்காரர்கள் அதையெல்லாம் 'மருந்து' என்பார்கள். 'காடிச்சேர்க்கை' பொருந்துமா? சனிக்கிழமை அடுத்த பீப்பாயைத் திறக்கிறார்கள்; பக்கத்துக் குட்டைக்காரர் காதில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.