டோடோவை எந்தப் படத்தைப் பார்த்து வரைவது?

தூரிகைக்காரி:
எங்கள் ஊர்ப் பள்ளி நூலகச் சுவரில் அழிந்துபோன பறவைகளை வரைந்துகொண்டிருக்கிறேன். டோடோவுக்குக் கையில் கிடைத்த முதல் படத்தைப் பார்த்தே பென்சில் கோடு போட்டுவிட்டேன்: பானை வயிறு, குட்டைக் கால், சுருள் வால். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வெகுநேரம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இவ்ளோ குண்டா இருந்தா எப்படி நடக்கும் மிஸ்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு தேடினால் ஒரு படத்தில் குண்டு, இன்னொன்றில் ஒல்லி. ஒன்றில் சாம்பல், இன்னொன்றில் பழுப்பு. வண்ணம் வைக்கும் முன் கேட்கிறேன், எதை நம்பலாம்?

எலும்புப்பித்தன்:
அக்கா, நீங்கள் பார்த்தது ரூலான்ட் சாவரி 1626 வாக்கில் வரைந்த ஓவியத்தின் வழிவந்ததாக இருக்கும். மூலம் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஒரு படம் எல்லாரையும் பிடித்து ஆட்டியது. 1865இல், டோடோ வாழ்ந்த மொரிஷியஸ் தீவின் மார் ஓ சோஞ்ச் சதுப்பில் டோடோ எலும்புகள் கிடைத்தன. மறுஆண்டே ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேய உடற்கூறு அறிஞர் எலும்புக்கூட்டின் படத்தை வெளியிட்டார். எப்படித் தெரியுமா? சாவரி வரைந்த உடம்பின் வெளிக்கோட்டுக்குள் எலும்புகளைப் பொருத்தி! பறவை குந்தி உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. பிறகு அவரே திருத்தி நிமிர்த்தி வைத்தார். எலும்பைக் கையில் வைத்திருந்தவரே ஓவியத்தை நம்பிவிட்டார், நீங்கள் நம்பியதில் என்ன தப்பு?

வரித்தலைவாத்து:
என் ஓட்டு மன்சூருக்கு. ஜஹாங்கீர் அரசவை ஓவியர். 1620களில் அவர் வரைந்ததாகக் கருதப்படும் ஒரு படம் ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. கையொப்பம் இல்லை. நடுவில் பழுப்பு நிற டோடோ, கொஞ்சம் ஒல்லியாக, நிமிர்ந்து நிற்கிறது. சுற்றிலும் வேறு பறவைகள். அவற்றில் வரித்தலை வாத்தைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம், அவ்வளவு துல்லியம். தெரிந்த பறவைகளை அப்படி வரைந்தவர் டோடோவை மட்டும் கற்பனையிலா வரைந்திருப்பார்? சூரத்தில் இரண்டு டோடோக்களைப் பார்த்ததாக ஆங்கிலப் பயணி பீட்டர் மண்டியும் எழுதியிருக்கிறார். ஆக, பறவை இந்தியாவுக்கு வந்திருக்கிறது.

எலும்புப்பித்தன்:
சரிதான். கூடவே கெல்டர்லாண்ட் என்ற டச்சுக் கப்பலின் பயணக் குறிப்பேட்டையும் பாருங்கள் அக்கா. 1601இல் மொரிஷியஸிலேயே போட்ட ஸ்கெட்சுகள். அழகுக்காக வரைந்தவை இல்லை, கையிலிருந்த பறவையைப் பார்த்து அவசரமாகப் போட்ட கோடுகள். எனக்கு அதுதான் பெரிய சாட்சி. அலகுக்கு ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் தலையைப் பாருங்கள். தோல் ஒட்டிய டோடோ தலை உலகத்திலேயே அது ஒன்றுதான். 1848இல் ஸ்டிரிக்லண்ட், மெல்வில் என்ற இரு ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்துதான் இது புறா இனத்தின் உறவு என்று உறுதிப்படுத்தினார்கள்.

தூரிகைக்காரி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. புறா என்று தெரிந்ததும் கழுத்தை எப்படி வளைப்பது என்பது பிடிபட்டுவிட்டது. எங்கள் மாடிக்கு வரும் புறாக்களை ஒரு வாரமாகப் பார்த்து வரைகிறேன். இன்று காலை சுவரில் டோடோவின் வயிற்றை ரப்பரால் அழித்தேன், கால்களை நீளமாக்கினேன். உடம்புக்கு மன்சூரின் பழுப்பு, கொக்கி அலகுக்கு ஆக்ஸ்ஃபோர்டு தலை. பக்கத்திலேயே சின்னதாக அந்தக் குண்டு டோடோவையும் வரையப் போகிறேன், கீழே 1626 என்று எழுதி. அந்தப் பிள்ளை திங்கட்கிழமை வருவாள்.