திருமங்கலத்திலிருந்து சோழிங்கநல்லூர்: காலை நெரிசலில் எந்த வழி நம்பத்தக்கது?

கேள்வி: அண்ணாநகர்வாசி

வணக்கம். சென்னை அண்ணாநகர் மேற்கில், திருமங்கலம் சந்திப்பை ஒட்டிக் குடியிருக்கிறேன். இதுவரை கிண்டி தொழிற்பேட்டையில் இருந்த எங்கள் அலுவலகம் அடுத்த மாதம் சோழிங்கநல்லூருக்கு மாறுகிறது. காலை 9.30 மணிக்கு வேலை தொடங்கும், மாலை 6.30 மணிக்குப் பிறகுதான் கிளம்ப முடியும். வாரத்தில் சில நாட்கள் மனைவியை வடபழனியில் இறக்கிவிட வேண்டியிருப்பதால், காரில் செல்வதைப் பற்றி மட்டுமே கேட்கிறேன்.

வரைபடத்தில் பார்த்தவரை மூன்று வழிகள் புலப்படுகின்றன. நூறடிச் சாலையிலேயே கோயம்பேடு, வடபழனி, அசோக் பில்லர், ஈக்காட்டுத்தாங்கல் என்று கத்திப்பாரா வரை வந்து, வேளச்சேரி, விஜயநகர், தரமணி வழியாகப் பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆரைப் பிடிப்பது ஒன்று. கத்திப்பாராவிலிருந்து தாம்பரம் நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் விமான நிலையத்தைத் தாண்டிப் பல்லாவரம் சென்று, இருநூறடிச் சாலையில் துரைப்பாக்கம் வருவது இன்னொன்று. மதுரவாயலில் பைபாஸ் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, மேடவாக்கம் வழியாகச் செல்வது மூன்றாவது. செயலியில் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வழி முதலிடத்தில் வருகிறது. அந்தப் பக்கம் நாள்தோறும் காரோட்டுபவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், ஏன் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பதில்: பள்ளிக்கரணையார்

நீங்கள் பார்க்கும் அந்தந்த நேரத்து நிலவரத்தைச் செயலி சொல்வதால்தான் விடை மாறிக்கொண்டே இருக்கிறது. சேர வேண்டிய நேரத்தைக் குறிப்பிடும் வசதியும் அதிலேயே உள்ளது. செவ்வாய்க்கிழமை காலை 9.15 என்று கொடுத்துப் பாருங்கள். ஒரே எண்ணாகச் சொல்லாமல், குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று காட்டும். பலரும் அதில் சிறிய எண்ணைப் பார்த்து வழியை முடிவு செய்கிறார்கள். நான் பெரிய எண்ணை மட்டுமே பார்ப்பேன். அது எந்த வழியில் குறைவாக இருக்கிறதோ அந்த வழியே எனக்கு நல்ல வழி. நல்ல நாளில் பத்து நிமிடம் முன்னதாகப் போவதற்கு அலுவலகத்தில் யாரும் பாராட்டப் போவதில்லை.

உங்கள் முதல் இரண்டு வழிகளும் கத்திப்பாரா வரை ஒன்றேதான். அந்தப் பகுதியில் தேர்ந்தெடுக்க இருப்பது புறப்படும் நேரம் மட்டும். காலை 7.15 மணிக்குள் திருமங்கலத்தை விட்டுவிட்டால் காசி திரையரங்கச் சந்திப்பை அதிகம் நிற்காமல் கடந்துவிடலாம். எட்டு மணியைத் தாண்டினால், பள்ளி வேன்களும் தொழிற்பேட்டைக்குச் செல்லும் வண்டிகளும் சேர்ந்துகொள்வதால், கோயம்பேட்டிலும் வடபழனியிலும் மேம்பாலங்கள் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தை ஈக்காட்டுத்தாங்கலில் வட்டியோடு திருப்பித் தர வேண்டியிருக்கும். இதை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள்.

வழிகள் உண்மையில் பிரிவது கத்திப்பாராவில்தான். அண்ணா சாலை, ஜி.எஸ்.டி. சாலை, பூந்தமல்லி சாலை, நூறடிச் சாலை ஆகிய நான்கும் அங்கே கூடுவதால், மேம்பாலத்தில் ஏறிய பிறகு மனம் மாறுவது ஆபத்தான வேலை. ஆகவே வேளச்சேரியா, பல்லாவரமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடாமல், ஈக்காட்டுத்தாங்கலுக்கு முந்தைய சிக்னலில் நிற்கும்போது செயலி குரலில் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யுங்கள். முக்கியப் பிரமுகர்களின் வருகைக்காக விமான நிலையச் சாலையில் வண்டிகளை நிறுத்திவைக்கும் நாட்களில் இந்த ஒரு பழக்கம் பெரிதும் கைகொடுக்கும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்: சோழிங்கநல்லூரில் அலுவலகம் சரியாக எங்கே இருக்கிறது? ஓ.எம்.ஆரில் தெற்கு நோக்கிச் செல்பவருக்குக் கிழக்குப் பக்கக் கட்டடங்களில்தான் நேரே நுழைய முடியும். மேற்குப் பக்கம் என்றால், பல இடங்களில் நேரடி வலது திருப்பத்தை அடைத்துவிட்டதால், கட்டடத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டிச் சென்று யு-திருப்பத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அந்த வரிசை சில நாட்களில் முழுப் பயணத்தின் மிக மோசமான பகுதியாக அமைந்துவிடும்.

பதில்: முகப்பேர் மீனா

பைபாஸைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முகப்பேரிலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு நான் அந்த வழியில்தான் செல்கிறேன். பெருங்களத்தூரில் இறங்கி, வண்டலூர் சென்று, கேளம்பாக்கம் சாலையில் ஓ.எம்.ஆரை அடைந்து, அங்கே இடப்பக்கம் திரும்பி வடக்கு நோக்கி வருகிறேன். காலையில் நகரத்திலிருந்து வரும் கூட்டம் முழுவதும் தெற்கு நோக்கி ஊர்ந்துகொண்டிருக்க, நான் எதிர்ப்பக்கச் சாலையில் நிம்மதியாக வருவேன். சுற்று அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். ஆனால் கிளட்சை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துபோவதில்லை.

எனினும் இது நாவலூரைத் தாண்டி வேலை செய்பவர்களுக்குத்தான் பொருந்தும். சோழிங்கநல்லூருக்கு என்றால் நீங்கள் தாம்பரம் சென்று, சேலையூர், கேம்ப் ரோடு, செம்பாக்கம், மேடவாக்கம் என்று ஊருக்குள் புகுந்து வர வேண்டும். பைபாஸில் மிச்சமாகும் நேரம் முழுவதும் அங்கே கரைந்துவிடும். நேர்வழி 30 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு என்றால் இது 40 கி.மீ.யைத் தாண்டும். மேலும், கன்டெய்னர் லாரி ஒன்று நடுவழியில் பழுதாகி நின்றுவிட்டால், பக்கத்துத் தெருவில் புகுந்து தப்பிக்கலாம் என்ற பேச்சுக்கே பைபாஸில் இடமில்லை.

சுங்கக் கட்டணத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் தனியார் கார்களுக்கு ஃபாஸ்டாக் ஆண்டுச் சீட்டு நடைமுறையில் உள்ளது. அறிமுகமானபோது அதன் விலை ரூ.3,000. பெயர் ஆண்டுச் சீட்டு என்றாலும் ஓராண்டு அல்லது 200 முறை கடப்பது, இவற்றில் எது முதலில் முடிகிறதோ அதுவரைதான் செல்லும். காலையும் மாலையும் ஒரு சாவடியைக் கடப்பவருக்கு அது 100 வேலை நாட்களில் தீர்ந்துவிடும்.

பதில்: அண்ணாநகர்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. அலுவலகம் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் சிறப்புப் பொருளாதார மண்டல வளாகத்துக்குள் இருக்கிறது. மேடவாக்கம் சாலையிலிருந்து நுழைவாயில் என்று சொன்னார்கள்.

பதில்: பள்ளிக்கரணையார்

அப்படியானால் கணக்கே மாறுகிறது, நீங்கள் ஓ.எம்.ஆரில் கால் வைக்கவே தேவையில்லை. எல்காட் வளாகம் ஓ.எம்.ஆருக்கு மேற்கே, மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் செல்லும் சாலையில் இருக்கிறது. தரமணி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம் என்று ஒவ்வொன்றிலும் நின்று சோழிங்கநல்லூர் சந்திப்பை அடைந்து, அங்கிருந்து மேற்கே திரும்புவதற்குப் பதிலாக, மேற்கிலிருந்தே வாருங்கள். கத்திப்பாரா தாண்டித் தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதை, வேளச்சேரி, கைவேலி, பள்ளிக்கரணை, மேடவாக்கம், பெரும்பாக்கம், பிறகு எல்காட்.

மேடவாக்கத்தில் மட்டும் விழிப்பாக இருங்கள். வேளச்சேரியிலிருந்து வரும்போது எதிரே தெரியும் மேம்பாலம் 2 கி.மீ. நீளமுள்ளது, 2022-இல் திறந்தார்கள். பழக்கமில்லாதவர்கள் முன்னால் போகும் வண்டியைப் பின்பற்றி அதில் ஏறிவிடுவார்கள். ஏறினால் சோழிங்கநல்லூர்ப் பிரிவைத் தாண்டித் தாம்பரம் பக்கம்தான் இறங்க முடியும். பாலம் தொடங்குவதற்கு முன்பே இடப்பக்கம் ஒதுங்கிக் கீழ்ச்சாலையில் செல்ல வேண்டும். அங்கே ஷேர் ஆட்டோக்கள் நிற்பதால் வேகம் குறையும், பரவாயில்லை.

மழைக்காலத்துக்கு இந்த வழி ஆகாது. வேளச்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். சுற்றுப்புற ஏரிகளின் உபரிநீர் அந்தச் சதுப்பு நிலத்தை நோக்கித்தான் வருகிறது. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா என்பதை அறியாமல் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். நாராயணபுரம் ஏரி நிரம்பினால் இருநூறடிச் சாலையும் பாதிக்கப்படும் என்பதால் அதையும் மாற்றுவழியாக நம்ப வேண்டாம். அன்றைக்கு வேளச்சேரியைத் தவிர்த்து, ஓ.எம்.ஆர். போன்ற பெரிய சாலைகளிலேயே செல்லுங்கள். வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கிடைக்குமானால் இன்னும் நல்லது.

பதில்: பெரும்பாக்கம் ராஜா

பள்ளிக்கரணையார் சொல்லும் வழி காலைக்குச் சரி. ஆனால் மேடவாக்கத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் இடைப்பட்ட சாலையை அவர் சற்று எளிதாகக் கடந்துவிட்டார். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில், மாதவரத்திலிருந்து வரும் ஐந்தாவது வழித்தடம் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகத்தான் சோழிங்கநல்லூரை அடைகிறது, ஓ.எம்.ஆரின் மேல் செல்லும் மூன்றாவது வழித்தடத்தை அங்கே சந்திக்கிறது. ஆகவே, பணிகள் முடியும்வரை சோழிங்கநல்லூரை எந்தப் பக்கத்திலிருந்து அணுகினாலும் தடுப்புத் தகடுகளுக்கு நடுவேதான் ஓட்ட வேண்டும். தடுப்பு இன்றைக்கு ஓரிடத்திலும் அடுத்த மாதம் வேறோர் இடத்திலும் இருக்கும். தண்ணீர் லாரி ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டால் முந்திச் செல்லவும் இடமிருக்காது.

செயலி அப்படிப்பட்ட நேரங்களில் பெரும்பாக்கத்தின் குடியிருப்புத் தெருக்களுக்குள் திருப்பிவிடும். அதை நம்பாதீர்கள். இருசக்கர வாகனங்கள் நுழைந்து போகும் வேகத்தைக் கண்டு தெரு காலியாக இருப்பதாக அது எண்ணிக்கொள்கிறது என்பது என் ஐயம். எதிரே ஒரு பள்ளி வேன் வந்தால் பின்வாங்குவதைத் தவிர வேறு வழியில்லாத தெருக்கள் அவை.

மாலைக்கு வேறு வழியைப் பரிந்துரைக்கிறேன். 6.30 மணிக்கு எல்காட்டிலிருந்து மேற்கு நோக்கிக் கிளம்பினால், வேளச்சேரிக்கும் தாம்பரத்துக்கும் வீடு திரும்பும் மொத்தக் கூட்டத்துடனும் மேடவாக்கத்தில் நிற்பீர்கள். அதற்குப் பதிலாகச் சோழிங்கநல்லூர் சந்திப்பில் இடப்பக்கம் திரும்பி ஓ.எம்.ஆரில் வடக்கே சென்று, துரைப்பாக்கத்தில் இருநூறடிச் சாலைக்கு மீண்டும் இடப்பக்கமே திரும்பிப் பல்லாவரத்தை அடையுங்கள். இரண்டும் இடப்பக்கத் திருப்பங்கள் என்பதால் யு-திருப்ப வரிசை கிடையாது. கிலோமீட்டர் கூடினாலும், மேடவாக்கம் கீழ்ச்சாலையில் நிற்பதைவிட இதுவே மேல் என்பது என் கருத்து. 7.45 மணிக்குப் பிறகு கிளம்ப முடிந்தால் வந்த வழியிலேயே திரும்பலாம்.

பதில்: பள்ளிக்கரணையார்

மாலை வழியைப் பற்றி ராஜா சொல்வதை வெள்ளிக்கிழமைகளுக்கு மட்டும் நான் ஏற்கமாட்டேன். அன்று ஊருக்குச் செல்லும் வண்டிகளால் ஜி.எஸ்.டி. சாலை பல்லாவரத்திலேயே திணறத் தொடங்கிவிடும். நீங்கள் நகரை நோக்கித் திரும்புபவர் என்றாலும், அந்தச் சந்திப்பைக் கடப்பதற்கே நேரம் போய்விடும். வெள்ளியன்று மேடவாக்கம், வேளச்சேரி வழியே போதும்.

மனைவியை இறக்கிவிடும் நாட்களில் வடபழனி மேம்பாலத்தில் ஏறாமல், முன்கூட்டியே இடப்பக்கம் ஒதுங்கிக் கீழ்ச்சாலையில் செல்லுங்கள். ஆற்காடு சாலை சந்திப்புச் சிக்னலுக்கு முன்பாகவே அவர் இறங்கிக்கொண்டால் உங்களுக்கு ஒரு சிக்னல் சுற்றாவது மிச்சமாகும். அந்த நாட்களில் ஏழு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவது நல்லது.