கையெழுத்து யாருடையது?

மூன்றாம்மாடி:
கணக்கப்பிள்ளை அண்ணை நேற்று எழுதியதைப் பார்த்து எனக்கு இரவு நித்திரையே இல்லை. இங்கே லண்டனில் வாடகைக்கு இருந்த கவுன்சில் (உள்ளூராட்சி சபை) வீட்டையே வாங்கி மோட்கேஜில், அதாவது வீட்டுக்கடனில், ஏமாந்தோம் என்பவர்கள் எல்லாம் பொய் வருமானம் காட்டியவர்களாம். 2005இல் ஈஸ்ட்ஹாமில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஃப்ளாட்டையே வாங்கினோம். வாடகைக்கு இருந்தவர்களுக்கு விலையில் கிடைத்த கழிவு 16,000 பவுண். புரோக்கர் எங்கள் சமையலறை மேசையில் வைத்துத்தான் படிவம் நிரப்பினார். கையெழுத்துக்குப் பென்சிலால் புள்ளடி போட்டுத் தந்தார். வருமானக் கட்டம் வெறுமையாக இருந்தது. பிறகு பார்த்தால் அதில் 34,000! என் கணவர் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, வருடத்துக்கு 15,000கூட வராது.

கணக்கப்பிள்ளை:
வெறும் கட்டத்தைப் பார்த்தும் கையெழுத்துப் போட்டது யார்? அதை மட்டும் சொல்லுங்கள்.

தூட்டிங் தம்பி:
அண்ணை, 2004 ஒக்டோபர் 31இலிருந்து மோட்கேஜ் விற்பனை எஃப்.எஸ்.ஏ. என்ற நிதிக் கண்காணிப்பு அமைப்பின் கட்டுப்பாட்டில் இருந்தது. கடன் கொடுத்தவன் சம்பளச் சீட்டுக் கேட்டானா? 'செல்ஃப் சேர்ட்' என்று சொல்லி வாய்ச்சொல்லுக்கே கொடுத்தார்கள். 2014இல் அதை நிறுத்தியது சும்மாவா?

கணக்கப்பிள்ளை:
எனக்குச் சட்டம் படிப்பிக்க வேண்டாம். நான் 1989இல் வாங்கினேன். வட்டி 15 சதவீதம் வரை ஏறியது. இரண்டு வேலை செய்து கட்டினேன். என் படிவத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் நானே நீல மையால் நிரப்பினேன்.

சுதா:
நீல மைக் கதை இது ஐந்தாம் முறை. உங்கள் காலத்தில் ஃப்ளாட்டுக்கு 70 சதவீதம் வரை கழிவு, அதையும் சொல்லுங்கள். உங்களுடையது எண்டோமென்ட் மோட்கேஜ்தானே, வட்டியை மட்டும் கட்டி, முதலைக் கடைசியில் சேமிப்புக் காப்புறுதிக் காசால் அடைக்கிற கடன்? கடைசியில் காசு போதாமல் முறைப்பாடு செய்து நட்டஈடு வாங்கியதாகப் போன பொங்கலுக்கு நீங்களே எழுதினீர்கள்.

கணக்கப்பிள்ளை:
அது வேறு. அதில் கட்டம் எதுவும் வெறுமையாக இல்லை. கோயில் கணக்கை நான் கேட்டதிலிருந்து உங்களுக்கு என்மேல் கோபம் என்று எல்லோருக்கும் தெரியும்.

சுதா:
கோயிலை ஏன் இழுக்கிறீர்கள்? ரசீதுப் புத்தகம் இரண்டு வருடமாக உங்கள் வீட்டில்தானே கிடந்தது?

கணக்கப்பிள்ளை:
ரசீது முழுவதும் நிரப்பித்தான் இருந்தது. வெறும் கட்டம் ஒன்றுகூட இல்லை.

தூட்டிங் தம்பி:
அக்கா, நிதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்பட்ஸ்மனிடம் போனீர்களா? நடந்து ஆறு வருடம், அல்லது பிழை தெரிய வந்து மூன்று வருடம் என்று முறைப்பாட்டுக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது.

மூன்றாம்மாடி:
அதெல்லாம் தெரிய முன்னமே வீடு போய்விட்டது தம்பி. முதல் இரண்டு வருடம் குறைந்த வட்டி, அப்புறம் ஒரேயடியாக ஏறியது. கட்டடம் கவுன்சிலுடையதுதானே, அந்த நேரம் பார்த்துக் கூரை வேலையில் எங்கள் பங்குக்குக் கவுன்சில் பில் வேறு. படிவத்தின் நகலைக் கேட்டு எடுத்தேன். அதில் பென்சில் புள்ளடி இல்லை.

கணக்கப்பிள்ளை:
பார்த்தீர்களா! புள்ளடியே இல்லை.

சுதா:
பென்சிலை அழிக்கலாம் அண்ணை.

கணக்கப்பிள்ளை:
அதனால்தான் நான் நீல மை.